வீட்டு வாடகையை மருத்துவ நிதி செலுத்தலாமா?

அமெரிக்காவின் ஹவாய் மாநில செனட் சபையில் 2017 ஆம் ஆண்டு ஒரு மசோதா தாக்கல் செய்யப்பட்டது. நீண்டகாலமாக வீடின்றி இருப்பதை ஒரு நோய்நிலையாக அங்கீகரித்து, மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதைப் போல வீட்டையும் எழுதிக் கொடுக்க வழிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜாஷ் கிரீன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்த மருத்துவரான அவர், 2022 டிசம்பரில் அம்மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

மசோதா சட்டமாகவில்லை. ஆயினும், அது எழுப்பிய கேள்வி அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதன்பின் கொள்கையாகவே மாறியது. ஏழைகளின் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்படும் அரசு நிதியை, அவர்களது வீட்டு வாடகைக்குப் பயன்படுத்தலாமா என்பதே அந்தக் கேள்வி.

தெருவில் வாழும் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க இடம் கிடையாது. காலில் ஏற்பட்ட புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தண்ணீர் வசதியும் கிடையாது. புண் முற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் அவரை, பணம் இல்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. 1986 ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆயிரக்கணக்கான டாலர் செலவில் புண் ஆற்றப்படுகிறது. பின்னர் அவர் அதே நடைபாதைக்குத் திரும்புகிறார். சில வாரங்களில் மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறார்.

1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெடிக்கெய்ட் எனும் திட்டமே ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்கிறது. இதற்கான செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஒருவர் தங்கினால், அவருடைய படுக்கைக்கும் உணவுக்கும் இத்திட்டம் பணம் தரும். அவர் வெளியே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தால் தராது. அதிகச் செலவாகும் இடத்துக்கு அனுமதியும் குறைந்த செலவாகும் இடத்துக்குத் தடையும் என்ற இந்த நிலை, வெளியிலிருந்து பார்ப்போருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

வீட்டுவசதித் துறை இருக்கும்போது மருத்துவ நிதியை ஏன் நாட வேண்டும்? விடை அமெரிக்கச் சட்டங்களின் அமைப்பில் உள்ளது. மெடிக்கெய்ட் உதவி ஓர் உரிமை. தகுதியுள்ளவர் விண்ணப்பித்தால் அரசு கொடுத்தே ஆக வேண்டும். வாடகை உதவி அப்படியல்ல. அதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகை தீர்ந்துவிட்டால், எஞ்சியோர் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு மட்டுமே மத்திய அரசின் வாடகை உதவி கிடைக்கிறது. ஒரு கதவு மூடியிருப்பதால் திறந்திருக்கும் மற்றொரு கதவைத் தட்டுகிறார்கள் என்பதே உண்மை.

அந்தக் கதவும் வெகுகாலம் முழுமையாகத் திறந்திருக்கவில்லை. குழந்தைகள் இல்லாத, ஊனமுற்றவர் என்ற சான்றும் பெறாத ஏழைகள் பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கெய்ட் பெற முடியாதிருந்தது. தெருவில் வாழ்வோரில் பலர் இத்தகையவர்களே. 2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், 2014 முதல் இவர்களையும் சேர்க்க வழி பிறந்தது. டெக்ஸாஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் அதை ஏற்கவில்லை.

வீடு தேடித் தருவது, உரிமையாளருடன் பேசுவது போன்ற உதவிகளுக்கு மெடிக்கெய்ட் பணத்தைச் செலவிடலாம் என்று மத்திய அரசு 2015 இல் விளக்கமளித்தது. வாடகையைச் செலுத்த மட்டும் சிறப்பு விதிவிலக்கு தேவைப்பட்டது. பைடன் நிர்வாகத்தின்போது, 2022 இலையுதிர் காலத்தில், ஓரிகான், அரிஸோனா ஆகிய மாநிலங்களுக்கு ஆறு மாதங்கள் வரை வாடகை செலுத்த அந்த அனுமதி கிடைத்தது. இரண்டிலும் 2024 இன் இறுதி மாதங்களில் இது நடைமுறைக்கு வந்தது. வீடற்றோர் மிக அதிகமாக உள்ள கலிஃபோர்னியா, 2022 முதலே முன்பணம் போன்ற உதவிகளை மெடிக்கெய்ட் வழியாக அளித்துவந்தது. 2024 டிசம்பரில் அதற்கும் ஆறு மாத வாடகைக்கான அனுமதி கிடைத்தது. கடுமையான மனநலப் பாதிப்பு அல்லது போதைப் பழக்கம் உள்ள வீடற்றோருக்கு, 2026 ஜனவரி முதல் இது கட்டாய உதவியாக்கப்பட்டது.

இத்தகைய திட்டங்களை ஆதரிப்போர் பெரும்பாலும் முன்வைப்பது சிக்கன வாதம். மருத்துவமனைச் செலவு குறைவதால் வாடகைச் செலவு தானாகவே ஈடாகிவிடும் என்கிறார்கள். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், அடிக்கடி சிறைக்குச் சென்றுவந்த வீடற்றோருக்கு முன்நிபந்தனைகள் இன்றி வீடு அளிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின்னரும் அவர்களில் 77 சதவீதத்தினர் வீட்டிலேயே இருந்தனர். கைதுகளும் வெகுவாகக் குறைந்தன. ஆனால், வேறு துறைகளில் மிச்சமான தொகை, திட்டச் செலவில் ஏறத்தாழ பாதியையே ஈடுகட்டியது என்கிறது 2021 இல் வெளியான மதிப்பீடு. நிரந்தர வீட்டுத் திட்டங்களால் மருத்துவச் செலவு குறைகிறது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையும் 2018 இல் கூறியது. எச்ஐவி தொற்றுள்ளோருக்கு உடல்நலப் பயன் தெரிந்ததை அவ்வறிக்கை விதிவிலக்காகக் குறிப்பிட்டது.

புற்றுநோய் சிகிச்சைக்குச் செலவிடுகையில் அது பணத்தை மிச்சப்படுத்துகிறதா என்று எவரும் கேட்பதில்லை. வீட்டுக்கு மட்டும் அக்கேள்வி எழுவதற்கு ஒரு காரணம், ஆதரவாளர்களே அந்த வாக்குறுதியை அளித்ததுதான். மிச்சமாகாத பட்சத்தில், திட்டத்தை நிறுத்த எதிர்ப்பாளர்களுக்கு அது வசதியான வாதமாகிவிடுகிறது.

மிச்சமானாலும் திட்டம் பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உணவு, போக்குவரத்து, வீடு ஆகியவற்றுக்கு மெடிக்கெய்ட் பணத்தைச் செலவிட்ட வட கரோலினாவின் முன்னோடித் திட்டத்தில், பயனாளி ஒருவருக்கு ஆகும் செலவு மாதம் 85 டாலர் குறைந்ததாக மதிப்பீடு காட்டியது. எனினும், மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 ஜூலையில் அத்திட்டம் நின்றுபோனது.

அந்த ஆண்டில் மத்திய அரசின் நிலைப்பாடும் மாறியது. வீடு, உணவு போன்றவற்றுக்கு மெடிக்கெய்ட் நிதியைப் பயன்படுத்தும் வழிகாட்டுதலை டிரம்ப் நிர்வாகம் மார்ச் மாதத்தில் விலக்கிக்கொண்டது. ஏற்கெனவே அளித்த அனுமதிகளை அது உடனடியாக ரத்து செய்யவில்லை. ஜூலை 4 ஆம் தேதி கையெழுத்தான சட்டமோ, பத்தாண்டுகளில் மெடிக்கெய்ட் செலவை 90,000 கோடி டாலருக்கும் அதிகமாகக் குறைக்கும் என மதிப்பிடப்பட்டது. மேலும், 2014 க்குப் பின் சேர்க்கப்பட்ட பிரிவினரில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும் என்று அது விதித்தது. இதற்கான கெடு 2027 ஜனவரி முதல் தேதி. உடல்நலம் குன்றியோருக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்குப் பெறவும் சான்று வேண்டும், அதைக் கோரும் கடிதம் சென்றுசேர ஒரு முகவரி வேண்டும்.

2024 ஜனவரியில் ஒரே இரவில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 7,71,480 பேர் வீடற்றோராக இருந்தனர். முந்தைய ஆண்டைவிட இது 18 சதவீதம் அதிகம். மெடிக்கெய்ட் வாடகை கொடுக்கலாம். புதிய வீடு கட்ட அதற்கு அதிகாரமில்லை. வாடகைக்கு வீடுகளே அரிதாக உள்ள நகரங்களில், அந்தப் பணம் இருக்கும் வீடுகளுக்கான போட்டியில் ஒருவரை மற்றவருக்கு முன்னால் நிறுத்துகிறது, அவ்வளவே.

ஏழாவது மாத வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஏற்ற முன்மொழிவு ஒன்று, மாவட்டங்களின் மனநல நிதியில் 30 சதவீதத்தை வீட்டுவசதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆறு மாதங்கள் முடிந்ததும் பலரை இந்த நிதிக்கு மாற்றலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. அந்த நிதியோ, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் ஈட்டுவோரிடம் வசூலிக்கப்படும் வரியிலிருந்து வருகிறது. பங்குச்சந்தை சரியும் ஆண்டுகளில் அதுவும் சுருங்குகிறது.