மாணவர் நலமும் மருத்துவக் கல்வித் தலைமையும்

பத்து காஜா மருத்துவமனை ஆங்கிலேயர் காலந்தொட்டு இவ்வட்டார மக்களின் நோய் தீர்த்து வந்துள்ளது. இங்கே பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவராகியுள்ளனர். சிலர் மருத்துவம் பயில்கின்றனர். பிறர் நலம் காக்கப் பயிலும் அவர்களின் நலத்தைக் காப்பவர் யார்?

நெடுங்காலம் மலாயாவுக்கு மருத்துவர்களை அளித்தது 1905இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே ஆகும். பின்னர், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் உருவானபோது அதன் முதல் புலத்தலைவராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். 1964இல் மாணவர் சேர்ந்தனர். 1969இல் முதல் அணியினர் பட்டம் பெற்றனர். புதிய நாட்டின் மருத்துவப் பட்டத்தை உலகம் மதிக்கச் செய்வதே அத்தலைமுறையின் முதற்கடமையாக இருந்தது.

தரம் வேரூன்றிய பின் இன்னொரு கடமை தெளிவாகியது. 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரையொன்று, மருத்துவ மாணவருள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டதாகக் கூறியது. அவர்களுள் சிகிச்சை நாடியவர் ஏறத்தாழ 16 விழுக்காட்டினரே.

ஏன் நாடவில்லை? குடும்பத்தின் முதல் மருத்துவராகப் போகும் பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். நகையை அடகு வைத்த தாயிடம் ‘என்னால் இயலவில்லை’ என்று சொல்ல அப்பிள்ளைக்கு நா எழாது. பேராசிரியரிடம் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் வேறு. ஆதலின் ஆறுதல் கூறுபவரும் தேர்ச்சியை முடிவு செய்பவரும் வெவ்வேறு ஆளாக இருத்தல் வேண்டும்.

ஆலோசகரை நியமிப்பதோடு தலைமையின் கடமை முடிந்துவிடுமா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பாடத்திட்டப் பொறுப்பு வகித்த ஸ்டூவர்ட் ஸ்லேவின், நோயின் மூலத்தை நாடினார். மாணவரின் மனவலிமையை மட்டும் சோதிக்காமல், அவர்களை வருத்தும் பாடத்திட்டத்தையே சோதித்தார். 2009ஆம் ஆண்டு முதல் தொடக்க ஆண்டுகளில் தரவரிசை நீங்கி, ‘தேர்ச்சி, தேர்ச்சியின்மை’ என்னும் முறை வந்தது. வகுப்பு நேரம் 10 விழுக்காடு குறைந்தது. விரும்பிய துறையில் ஈடுபட நேரம் கிடைத்தது. ஆசிரியரும் மாணவரும் இணைந்த கற்றல் குழுக்கள் அமைந்தன. பின்னர் வந்த மாணவரிடம் மனச்சோர்வும் பதற்றமும் முன்னையோரைவிடக் குறைந்திருந்தன. சுமையைக் குறைத்தால் தரம் தாழும் என்ற ஐயமும் மெய்ப்படவில்லை. தேசியத் தேர்வில் அவர்கள் பின்தங்கவில்லை.

ஒரு நாட்டின் பாடத்திட்டம் மற்றொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. எனினும், மாணவர் வாடும்போது ‘இவருக்கு என்ன குறை?’ என்று கேட்குமுன் ‘நம் அமைப்பில் என்ன குறை?’ என்று கேட்கும் வழக்கம் எங்கும் பொருந்தும். ஈப்போவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கும் அது உரியதே.

1948இல் உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்ற வாசகம் 2017இல்தான் இடம்பெற்றது. அதனை ஏற்பதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

இப்பணியில் பெற்றோர்க்கும் பங்குண்டு. விடுமுறையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் உறக்கத்தையும் உணவையும் கேட்போம். சோர்வைச் சொல்லத் தயங்காத மாணவரே, நாளை நோயாளியின் சோர்வையும் பொறுமையோடு கேட்பார்.