குளிர்காலப் பயிரும் குத்தகை உரிமையும்

இங்கிலாந்தின் பொதுத் தோட்டங்களில் ஆண்டின் மிக முக்கியமான மாதம் எது என்று கேட்டால், பலரும் விதைப்புக்குரிய ஏப்ரலையோ விளைச்சல் குவியும் ஆகஸ்டையோ சொல்வார்கள். லண்டனின் கிழக்குப் புறநகரில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பதினோரு ஆண்டுகளாகப் பயிர்செய்து வரும் நான், அக்டோபர் என்றே சொல்வேன். அடுத்த ஜூலை வரை அந்த நிலம் என்ன தரப்போகிறது என்பது பெரும்பாலும் அந்த ஒரு மாதத்தில் முடிவாகிவிடுகிறது. தனக்குச் சொந்தமல்லாத மண்ணில் ஒருவர் எவ்வளவு நம்பிக்கையோடு நிற்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

'அலாட்மென்ட்' என்று வழங்கப்படும் இத்தோட்டங்கள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொந்தமானவை. காய்கறி பயிரிட விரும்பும் நகரவாசிகளுக்கு ஆண்டு வாடகைக்குப் பிரித்துக் கொடுக்கப்படுபவை. ஒரு முழுத் துண்டின் மரபான அளவு 10 'ராட்'. ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று அதிகம். என்னிடம் இருப்பது அதில் பாதி. துண்டுகள் தனித்தனி என்றாலும் பாதை, வேலி, தண்ணீர்த் தொட்டி, மக்கு உரக் குவியல் எல்லாம் பொது. பயிர் நோயும் பொதுதான் என்பதைப் புதிதாக வருபவர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்கிறார்கள்.

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து எந்த இரவிலும் உறைபனி விழலாம். வெப்பநாட்டுச் செடிகளின் திசுக்களில் உள்ள நீர் உறைந்து, மறுநாள் வெயில் ஏறும்போது இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். எங்கள் தோட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சில உண்டு. கோடையில் அவர்கள் போடும் அவரைப் பந்தலும் பூசணிக் கொடியும் அந்த ஓரிரவில் முடிந்துபோகும். ஆகவே முன்கூட்டியே பூசணியைக் காம்போடு அறுத்து உள்ளே எடுப்பார்கள். கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் குடிபுகும். மிளகாய் உண்மையில் பல்லாண்டுச் செடி. கிளைகளைக் குட்டையாகக் கழித்துச் சன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றிவிட்டால், மறு ஆண்டு விதையிலிருந்து வளரும் செடியைக் காட்டிலும் முந்திக் காய்க்கும்.

குளிர் அழிப்பதை மட்டுமே செய்வதில்லை. சில பயிர்களுக்கு அது தேவை. பூண்டு இதற்குச் சிறந்த சான்று. அக்டோபரிலோ நவம்பரிலோ ஒவ்வொரு பல்லாகப் பிரித்து ஊன்ற வேண்டும். மண்ணுக்குள் சில வாரங்கள் கடுங்குளிரை அனுபவித்த பிறகே, அடுத்த கோடையில் அது பல பற்களாகப் பிரியும் திறனைப் பெறுகிறது. அந்தக் குளிர் கிட்டாவிட்டால், பிரியாத ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடக்கூடும். தாவரவியல் பாடநூல்கள் தட்பப்பதனம் என்று விளக்கும் நிகழ்வுக்கு நெருங்கிய உறவு இது. தமிழ்நாட்டில் பூண்டு கொடைக்கானல், நீலகிரி மலைகளை நாடிச் சென்றதற்கும் குளிர்ச்சியே காரணம்.

உறைபனியைத் தாங்கும் பயிர்கள் தம்மிடமுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டால்தான் பார்ஸ்னிப் கிழங்கும் கேல் கீரையும் பனிக்குப் பின் இனிக்கின்றன. டிசம்பர் கேலைத் தேங்காய்ப்பூவோடு வதக்கிச் சாப்பிட்டவர்கள், செப்டம்பரில் பறித்த அதே கீரையைப் பொருட்படுத்தமாட்டார்கள்.

எனினும் குளிர்காலப் பயிர் என்பது குளிர்காலத்தில் வளரும் பயிர் அன்று. டிசம்பர் இறுதியில் லண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது எதுவும் வளராது. நவம்பர் தொடக்கத்தில் விதைத்த பிராட் பீன்ஸ், விரற்கடை உயரத்தில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். வேர் மட்டும் இறங்கியிருக்கும். முன்கூட்டி விதைத்தால் நெடிதுயர்ந்து பனிக்கும் காற்றுக்கும் முறியும். பிந்தினால் வேர் பிடிக்காது. சரியாக அமைந்தால் ஜூன் தொடக்கத்திலேயே காய் கிடைக்கும். அசுவினி பெருகும் வேளையில் தண்டு முற்றியிருப்பதால் சேதமும் குறையும். முந்தைய கோடையில் நட்ட லீக், ஊதா நிற பிராக்கோலி ஆகியவையும் இப்படியே குளிரைக் கடந்து நிற்கின்றன. ஏப்ரல், மே மாதங்களை இங்குள்ள தோட்டக்காரர்கள் பசி இடைவெளி என்றே அழைக்கிறார்கள். சேமித்த கிழங்குகள் தீர்ந்திருக்கும். புதிய விதைப்பு விளைந்திருக்காது. அந்த இடைவெளியின் முற்பகுதியைத் தாண்ட உதவுவது இந்த பிராக்கோலிதான்.

இனி, பொதுவான கடமைகள். உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்த பாத்தியில் கோலிக்குண்டு அளவில் சில தங்கிவிடும். அவற்றைப் பொறுக்கி அகற்றுவது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் 1845 முதல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய பின்பருவக் கருகல் நோயின் கிருமி, குளிர்காலத்தைக் கடப்பது பெரும்பாலும் இத்தகைய உயிருள்ள கிழங்குகளுக்குள்தான். ஒருவர் விட்டுவைத்த நான்கு கிழங்குகள் அடுத்த ஆண்டு முளைத்து, காற்றின் திசையில் உள்ள அத்தனை பேரின் தக்காளியையும் கருகவைக்க முடியும். வெங்காயத்தின் வெண்ணழுகல் நோய் இன்னும் பிடிவாதமானது. அதன் கசகசா அளவேயான கரிய உருண்டைகள் மண்ணில் பதினைந்து ஆண்டுகள்வரைகூட உயிரோடிருக்கும். காலணியில் ஒட்டிய ஈரமண்ணோடு அடுத்த துண்டுக்குப் போகும். மண்வெட்டியைக் கழுவாமல் இரவல் தருவதை எங்கள் தோட்டத்தில் யாரும் தாராள மனமாகக் கருதுவதில்லை.

தண்ணீர்க் குழாயை அடைத்து வடிப்பதும், உதிர்ந்த இலைகளைக் கம்பிவலைக் கூட்டுக்குள் குவிப்பதும் பொதுவேலைகளே. அந்த இலைகள் மக்க ஓராண்டு முதல் ஈராண்டு ஆகும்.

வெறுமையான பாத்திகளை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பல மாதங்கள் பெய்யும் குளிர்கால மழை, மண்ணில் எஞ்சிய நைட்ரேட்டைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். அதைத் தடுக்க ரை என்னும் தானியப் புல்லை விதைத்து, வசந்தத்தில் மடக்கி உழுகிறோம். நாம் அறிந்த தக்கைப்பூண்டும் சணப்பையும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பவை. ரைக்கு அந்த ஆற்றல் இல்லை. இருப்பதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதே அதன் பணி. கனத்த களிமண்ணை வேரால் துளைத்து இளக்கியும் கொடுக்கும். பார்வைக்கு அது களைமண்டிய நிலம்போல் இருப்பது உண்மைதான். எங்கள் தோட்டத்தில் ஓர் அம்மையாருக்கு, ரை விதைத்திருந்த நிலத்தைக் காட்டி 'பயிரிடாமல் விட்டிருக்கிறீர்கள்' என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆய்வாளர் புல்லைத்தான் பார்த்தார். காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள இடங்களில் இத்தகைய ஆய்வு அவசியம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பிப்ரவரியில் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவரை அனுப்ப வேண்டும்.

அந்தக் கடிதம் எழுப்பிய அச்சம் சிறிதன்று. ஏனெனில் அக்டோபரில் ஊன்றும் பூண்டு ஜூலையில்தான் கைக்கு வரும். கீரைக்கு ஒரு மாதம் போதும். இதற்கு ஒன்பது மாதங்கள். அதுவரை நிலம் தன்னிடம் இருக்கும் என்ற உறுதி இல்லாதவர் எதற்காக ஊன்றுவார்? எரு வாங்குவாரா? இரண்டாண்டு கழித்துப் பயன்படப்போகும் இலைமக்குக்காகக் கூடு கட்டுவாரா?

இந்த உறுதியைச் சட்டம் தந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு வாக்காளர்கள் எழுத்து மூலம் கோரினால், தோட்ட நிலம் ஒதுக்குவது குறித்து உள்ளாட்சி மன்றம் பரிசீலித்தாக வேண்டும். உள் லண்டனுக்கு மட்டும் இது பொருந்தாது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் பருவத்தைக் கணக்கில் கொண்டது. நிலத்தைக் காலிசெய்யச் சொல்லும் அறிவிப்பு ஏப்ரல் 6-க்கும் செப்டம்பர் 29-க்கும் இடையில் முடிவடையக் கூடாது என்றது. கோடைப் பயிருக்கு அது கவசம். ஆனால் அறிவிப்புக் காலம் ஆறு மாதங்களே. அக்டோபர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தால், ஏப்ரல் தொடக்கத்தில் வெளியேற நேரும். அப்போது பூண்டு வெறும் தாளாக நிற்கும். 1950-இல் வந்த சட்டம் அந்தக் காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாக்கியது. விளைவு என்னவென்றால், ஊன்றிய பிறகு வரும் எந்த அறிவிப்பும் அறுவடைக்கு முன் முடிவடையாது. ஏறக்குறைய ஓராண்டு நிலத்தில் நிற்கும் பிராக்கோலிக்கும் இது பொருந்தும். வாடகை தராதோர், விதி மீறுவோர் உள்ளிட்ட சில விதிவிலக்குகள் உண்டு. முறைப்படி வெளியேற்றப்படுபவர், நிற்கும் பயிருக்கும் இட்ட எருவுக்கும் இழப்பீடு கோரலாம். இவற்றுக்கிடையே 1925-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்துக்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி உள்ளாட்சி மன்றம் விற்க முடியாது என்றது. பயிரிடும் குத்தகையாளர்களை வெளியேற்றத்திலிருந்து காக்கச் சென்னை மாநிலத்தில் 1955-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதாக இராது.

பாதுகாப்பில்லாத தோட்டங்களின் கதை வேறு. நியூயார்க்கில் பாழடைந்த மனைகளை மக்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தோட்டமாக்கினர். 1999-இல் மாநகர நிர்வாகம் அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏலம்விட முனைந்தது. இரு தொண்டு அமைப்புகள் விலைகொடுத்து வாங்கியதால் அவை தப்பின. கட்டுமானம் தொடங்கும்வரை காலி மனையில் பயிரிட்டுக்கொள்ளலாம் என்ற தற்காலிக அனுமதிகள் இன்று பிரிட்டனிலும் உண்டு. நான் பார்த்த அத்தகைய தோட்டங்களில் மண்ணில் பாத்தி அரிது. எல்லாம் தூக்கிச் செல்லத்தக்க பெட்டிகள். அவற்றில் கொத்தமல்லியும் சாலட் கீரையும் செழிப்பாக இருக்கும். பூண்டையோ பழமரத்தையோ காண்பது அருமை.

தற்காலிக அனுமதியே கூடாது என்று நான் வாதிடமாட்டேன். காலி மனை முட்புதராகக் கிடப்பதைவிட ஒரு கோடைக் கீரை மேல். ஆனால் அனுமதி முடியும் நாளைத் தீர்மானிப்பவர்கள் பயிரையும் கேட்க வேண்டும். நிதியாண்டோடு பொருந்துவதற்காக மார்ச் 31 என்று குறிப்பது அலுவலகத்துக்கு வசதி. அன்றைய நாளில் பூண்டுக்கு இன்னும் மூன்று மாதங்கள் வேண்டும். பிராட் பீன்ஸ் பூவெடுக்கத் தொடங்கியிருக்கும். பிராக்கோலி அறுவடையின் நடுவில் இருக்கும். செப்டம்பர் இறுதி என்று குறித்து, ஓராண்டுக்கு முன்பே அறிவித்துவிட்டால், மனையின் உரிமையாளருக்குப் பெரிதாக எந்த இழப்பும் இல்லை.