கண்ணாடி இரட்டையர்

விடியற்காலையில் மின்தடை. வீடே இருண்டு கிடக்கிறது. பள்ளிக் காலணிகளில் இடது எது, வலது எது? தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடை. அளவுகோலால் அளந்தாலும் ஒரே நீளம். ஆனால், வலக்காலை நுழைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

சில மூலக்கூறுகளும் இப்படித்தான். அணுக்களும் அவற்றின் இணைப்பும் ஒன்றே. எனினும், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். கார்வோன் என்னும் பொருளின் ஒரு வடிவம் புதினாவைப் போல மணக்கும். மற்றது சீமைச் சோம்பைப் போல மணக்கும். நம் மூக்கிலுள்ள உணர்விகளும் ஒருபக்க வடிவம் கொண்டவை என்பதால் வேறுபாட்டை அறிகின்றன.

மணத்தில் தவறு நேர்ந்தால் இழப்பு பெரிதன்று. மருந்தில் அப்படியில்லை. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, இரு வடிவங்களும் கலந்த மருந்து. கர்ப்பிணிகள் அதனை உட்கொண்டதால் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உடற்குறைகளுடன் பிறந்தனர். ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் பயனில்லை. உடலுக்குள் அது மற்றதாக மாறிவிடும். இத்தகைய மருந்துகளில் எந்த வடிவம் எவ்வளவு உள்ளது என்பதை அளந்தறிய வேண்டும் என 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் வலியுறுத்தியது.

எப்படி அளப்பது? மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவத்தில் இயங்குவதுதான் அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி. ஐதரசன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிமைமிக்க காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், ஒவ்வோர் அணுக்கருவும் தன் சுற்றுப்புறத்திற்கேற்ற அதிர்வெண்ணை ஈர்த்துக்கொள்ளும். அது வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். ஆனால், கண்ணாடி இரட்டையருக்கு முகடுகள் ஒரே இடத்தில் விழும். விலைமிக்க அக்கருவியும் இங்கே வெறும் தராசுதான்!

அதற்கு ஒரு ‘வலக்கால்’ தேவைப்பட்டது. ஒருபக்க வடிவம் மட்டுமே கொண்ட ஓர் அமிலத்தை 1969இல் ஹாரி மோஷர் குழுவினர் அறிமுகப்படுத்தினர். அது ஆல்கஹால், அமைன் வகைப் பொருள்களோடு இணையும். வலத்தோடு வலமும் வலத்தோடு இடமும் சேர்ந்த இணைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல. ஆகவே, ஒட்டிக்கிடந்த முகடுகள் இரண்டாகப் பிரிகின்றன. அவற்றின் பரப்பளவு 98க்கு 2 என்றால், கலவையின் விகிதமும் ஏறத்தாழ அதுவே. அமிலமே தூயதாக இல்லாவிட்டால் இக்கணக்குப் பிழைபடும். அதனால், வேதியியலாளர் அதனைத்தான் முதலில் சோதிப்பர்.