ஆதாமின் மலையும் மணிமேகலையின் சமந்தமும்

சப்பிரகமுவையில் வாழும் நாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிடும் சிவனொளிபாதமலையை ஆங்கிலத்தில் 'அடம்ஸ் பீக்' என்கிறார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது என்று என் மாணவர்கள் சொல்வதுண்டு. அவன் வைத்ததல்ல, வாங்கிக்கொண்டது.

மூலத்தைத் தேடினால் அரபுக் கடலோடிகளிடம் போய் நிற்போம். சுவர்க்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதிபிதா சரந்தீபின் மலையொன்றில் இறங்கினார் என்பது அவர்களிடையே வழங்கிய கதை. 851 ஆம் ஆண்டின் அரபு நூலொன்று அம்மலையில் அவரது ஒரு பாதச்சுவடு உண்டென்றும், மற்றக் காலைக் கடலில் வைத்தாரென்றும் கூறுகிறது. மலையைச் சுற்றி மாணிக்கம் கிடைக்கும் என்பதையும் அது சொல்ல மறக்கவில்லை. இரத்தினபுரி மாவட்டத்தவருக்கு இது புதுச்செய்தியா என்ன!

1344 இல் இங்கு வந்த இபுனு பதூதா மலையேறும் பாதைகள் இரண்டைக் குறிப்பிடுகிறார்: ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. இந்த மாமா நம்மூர் மாமன் அல்லர், ஆதித்தாயான ஏவாள். மாமா வழி இலகுவானது. ஆனால் அவ்வழியாக ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மற்றவர்கள் மதிப்பதில்லையாம்.

பின்னர் வந்த போர்த்துக்கேயர் இதைத் தம் மொழியில் 'ஆதாமின் சிகரம்' என்றனர். ஆங்கிலேயர் அதையே தம் மொழிக்கு மாற்றிக்கொண்டனர். நமது இராமர் அணை அவர்களுடைய வரைபடத்தில் 'ஆதாம் பாலம்' ஆனதும் இதே கதையின் தொடர்ச்சிதான்.

ஆனால் அரபு நூலுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே இம்மலை தமிழில் பெயர் பெற்றுவிட்டது. மணிபல்லவத்தில் மணிமேகலையைச் சந்திக்கும் தீவதிலகை, இரத்தினத் தீவத்துச் சமந்த மலையின் உச்சியில் புத்தர்பிரானின் அடியிணையைத் தொழுது வந்ததாகக் கூறுகிறாள். பாளி நூல்களின் சமந்தகூடம் இதுவே. மலைக்குக் காவல்தெய்வம் சமன் தேவர். தமிழில் 'சமனொளி' என்றும் வழங்கியிருக்கிறது. அச்சமனொளியே நாளடைவில் சிவனொளியாயிற்று என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இந்துக் கல்லூரித் தமிழாசிரியன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சிவனடி என்று கும்பிடுபவரின் பக்தி சொல்லாராய்ச்சியால் குறையப்போவதில்லை. மணிமேகலையில் நமக்குள்ள பங்கை மறந்தால்தான் நட்டம்.

அற்றன் பக்கமாக ஏறுவோர் புறப்படும் அடிவார ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர். சிங்கள யாத்திரிகர்கள் அதை 'நல்லதண்ணிய' என்கிறார்கள். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை, எந்தச் சமயத்தவரானாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறார்கள்.