அயல்நாட்டாரின் ஓய்வுநாள்

ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால் அவருடைய தொழில் தெரியும். ஓய்வுநாளை எவ்வாறு கழிக்கிறார் என்று கேட்டால் அவருடைய வாழ்க்கையே தெரிந்துவிடும். சொந்த ஊரில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை தானாகவே நிரம்பிவிடுகிறது. உறவினர் வருகிறார்கள், கடைத்தெரு அழைக்கிறது, திண்ணைப் பேச்சிலும் பொழுது போகிறது. உறவும் மொழியும் இல்லாத ஊரில் குடியேறியவருக்கோ நிலைமை வேறு. ஆறு நாட்களையும் அலுவல் பார்த்துக்கொள்ளும். ஏழாவது நாளை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மிடையே அவ்வாறு வாழும் அயல்நாட்டுத் தம்பதியர் வார இறுதியை எப்படிக் கழிக்கின்றனர் என்பதைச் சென்னையில் உள்ள கொரியர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியாவில் கால்கொண்டது. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் அது எழுப்பிய ஆலையிலிருந்து 1998-இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. காருக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து தரும் கொரிய நிறுவனங்களும் அதனைத் தொடர்ந்து வந்தன. பொறியாளரும் மேலாளரும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தனர். இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் நகருக்குள்ளும் கொரிய எழுத்துகளில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்களையும் மளிகைக் கடைகளையும் காண்கிறோம்.

வார விடுமுறை என்பது இந்திய உழைப்பாளிக்கு எளிதில் கிடைத்த பொருளன்று. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். ஆலை முதலாளிகள் 1890-இல் அதற்கு இசைந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வையும், 48 மணி நேரத்துக்கு மேற்படாத வேலையையும் வரையறுத்தது. கொரியாவிலோ 2004 முதல் படிப்படியாக வாரத்துக்கு 40 மணி நேர வேலை முறை நடைமுறைக்கு வந்தது. பலருக்குச் சனிக்கிழமையும் ஓய்வாயிற்று. ஆகவே இங்கு வரும் கொரியப் பொறியாளர் சிலர், தம் நாட்டில் ஓய்வாக இருந்த சனிக்கிழமையை இங்கே ஆலையில் கழிக்க நேர்கிறது.

எங்கள் தெருவில் அத்தகைய தம்பதியர் ஒருவர் குடியிருக்கின்றனர். கணவர் பொறியாளர். சனிக்கிழமை பிற்பகல் வரை அவருக்கு ஆலையில் வேலை உண்டு. மனைவி தம் நாட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இங்கே அவருக்கு வேலையில்லை. கற்பிக்கும் திறமை குறைந்துவிட்டதா என்றால், இல்லை. பணிக்காக வரும் கணவருக்குக் கிடைப்பது வேலைக்குரிய விசா. உடன்வரும் மனைவிக்குக் கிடைப்பது துணைவருக்குரிய விசா. பின்னதைக் கொண்டு ஊதியம் பெறும் பணியை ஏற்றுக்கொள்ள இயலாது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வேலைக்கு வருவோர், வந்த 14 நாட்களுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். நாடுதோறும் இவை போன்ற விதிகள் உண்டு. ஆனால் வகுப்பறையில் நாற்பது குழந்தைகளோடு பேசிப் பழகிய ஒருவர், பேச ஆளின்றி நாளெல்லாம் வீட்டில் அமர்ந்திருப்பது எத்தகைய துன்பம் என்பதை எந்த விதியும் அறியாது.

அவருடைய தனிமை கலைந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில், காய்கறி வண்டியின் அருகே. முட்டைக்கோசும் முள்ளங்கியும் அவர் மிகுதியாக வாங்குவதைப் பக்கத்து வீட்டு அம்மாள் கண்டார். "இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கம்மா?" என்று கேட்டார். கேட்டது தமிழில், மறுமொழி கைச்சாடையில். அன்று மாலையே அடுத்த வீட்டுக்கு ஒரு சிறு கிண்ணம் வந்து சேர்ந்தது. அதில் இருந்ததுதான் கிம்ச்சி.

கிம்ச்சி இல்லாத கொரிய உணவு, ஊறுகாயும் மோரும் இல்லாத நம் உணவைப் போன்றது. கோசை உப்பிட்டு வைத்தால் அதன் நீர் வெளியேறும்; தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றை உப்பு அடக்கிவிடும். பின்பு மிளகாய், பூண்டு, இஞ்சி முதலியவற்றைக் கலந்து, காற்றுப்புகாமல் அடக்கி வைப்பார்கள். அப்போது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அந்த அமிலமே புளிப்பைத் தருகிறது. பண்டத்தைக் கெடாமலும் காக்கிறது. கொரியாவின் குளிரில் பல வாரங்கள் மெல்லப் புளிக்கும் இப்பண்டம், சென்னை வெயிலில் ஓரிரு நாளிலேயே புளித்துவிடுகிறது. உடனே குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் வாயில் வைக்க முடியாது.

மாணவ நண்பர்களே, இதே நிகழ்ச்சி உங்கள் வீட்டு அடுக்களையிலும் நடைபெறுகிறது. அரைத்து வைத்த இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்கி எழுகிறதன்றோ? அங்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. லூக்கனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற ஒரே வகை நுண்ணுயிர் கிம்ச்சியிலும் இருக்கிறது, இட்லி மாவிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இப்பெயர் தெரியாது. ஆயினும் கிம்ச்சியை முகர்ந்து பார்த்தவுடனே, "நம்ம மாவு புளிச்ச வாசனைதான்!" என்றார். அறிவியல் அறிஞர் நுண்நோக்கியால் கண்டதை அவர் மூக்கினால் கண்டுகொண்டார்.

கொரியாவில் குளிர்காலத்துக்கு முன்பு உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒன்றுகூடி, குவியல் குவியலாகக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்வது வழக்கம். கிம்ஜாங் எனப்படும் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கோடையில் நம் பெண்மணிகள் மொட்டைமாடியில் கூடி வடாம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிம்ச்சியைத் தனியாகவும் செய்யலாம். கிம்ஜாங்கைத் தனியாக நடத்த முடியாது. அந்த ஆசிரியை இழந்திருந்தது பண்டத்தையன்று, கூட்டத்தை. இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே பலகையில் காய் நறுக்குகிறார்கள்.

காய் நறுக்கும்போது மொழிப்பாடமும் நடக்கிறது. அம்மா, அப்பா என்ற சொற்களைக் கேட்டதும் அவர் வியந்துபோனார். கொரியக் குழந்தைகள் தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைக்கின்றனர். தமிழைப் போலவே கொரிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். மூத்தவரோடு பேசுகையில் வினைச்சொல் மரியாதை வடிவம் கொள்ளும். இவற்றைக் கொண்டு இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்று முடிவு கட்டிவிடலாகாது. உதடுகளைச் சேர்த்துப் பிரித்தால் பிறக்கும் ஒலிகள் எந்நாட்டுக் குழந்தைக்கும் எளியவை. ஆதலால் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருக்கின்றன. ஒற்றுமை வேறு, உறவு வேறு. எனினும் கற்பவருக்கு ஒற்றுமை துணை செய்கிறது. சேஜோங் மன்னர் 1446-இல் நாட்டுக்கு அளித்த கொரிய நெடுங்கணக்கில் இன்று அடிப்படை எழுத்துகள் 24. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரு கட்டமாக எழுதப் பழகிய அந்த ஆசிரியைக்கு நம் உயிர்மெய் எழுத்தின் முறை விரைவில் விளங்கிவிட்டது. 247 எழுத்துகள் என்றவுடன் ஏற்பட்ட அச்சமும் நீங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவரும் கடற்கரைக்குப் போகின்றனர். வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க இயலாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள். திரும்பும் வழியில் மீன் வாங்குகிறார்கள். கணவாயைச் சென்னை மீனவர் கடம்பா என்று சொல்வதைக் கணவர் கற்றுக்கொண்டார். அச்சொல்லைச் சொன்னவுடனே மீன்காரம்மாள் விலையைச் சிறிது குறைத்தாளாம். அதை அவர் ஏதோ பட்டம் பெற்றதைப் போலப் பெருமையோடு எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

பிற்பகலில் கைபேசியின் முன்னால் இருவரும் அமர்கின்றனர். கொரியாவின் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி முந்தியது. இங்கே மாலை நான்கு மணி என்றால் அங்கே இரவு ஏழரை. முதியோர் உண்டு முடித்துப் படுக்கப் போகுமுன் பேசிவிட வேண்டும். அண்மையில் ஒரு ஞாயிறன்று அவ்வம்மையாரின் தாய் திரையில் தோன்றவில்லை. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று நாளாகிவிட்டதென்றும், மகள் கவலைப்படுவாளென்று சொல்லாமல் இருந்ததாகவும் தந்தை கூறினார். அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாள் அங்கே சென்று, பேச மொழியின்றி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை அமர்ந்திருந்தார். தாய் நலமடைந்தார் என்பது பின்னர் வந்த செய்தி.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே ஞாயிற்றுக்கிழமையில், அதே ஸ்ரீபெரும்புதூரில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கிக்கொண்டு, தம் தாயோடு கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் நம் தமிழ்த் தொழிலாளர் ஞாயிறுதோறும் கூடி ஊர்ச்செய்தி பேசுகிறார்கள். கொரியரும் ஒரு காலத்தில் இவ்வாறு போனவர்களே. 1960-களில் அவர்கள் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்குத் தொழிலாளராகவும் மருத்துவமனைகளுக்குச் செவிலியராகவும் சென்றார்கள். ஊதியம் மிகுந்தவரை அயல்நாட்டு வல்லுநர் என்கிறோம். குறைந்தவரை வந்தேறிக் கூலி என்கிறோம். வீட்டு வசதியில் இருவருக்கும் வேற்றுமை பெரிது. தாயின் குரலுக்கு ஏங்குவதில் என்ன வேற்றுமை இருக்கிறது?

ஆகவே, உங்கள் தெருவில் வேற்று முகம் ஒன்றைக் கண்டால் உற்று உற்றுப் பார்க்காதீர்கள். கேளாமல் படம் எடுக்காதீர்கள். ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவருடைய மொழியில் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு, நம் மொழியில் ஒரு சொல்லைக் கொடுங்கள். கொரியரிடம் மட்டுமன்று, கட்டட வேலைக்கு வந்த பீகார்த் தம்பியிடமும் இதையே செய்யுங்கள். நாளை நீங்களும் படிப்பை முன்னிட்டோ பிழைப்பை முன்னிட்டோ ஏதோவொரு நகரில் அயலாராக இருக்கக்கூடும். அங்கே உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழியும் என்பது, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறதா இல்லையா என்பதையே பொறுத்திருக்கும்.