ஈர நெல்லுக்கும் உமிக்கும் விடை சொல்லும் ‘கொதிக்கும் மணல்’!

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடாத மாதங்களில் மணலை இரண்டடி தோண்டினால் ஊற்று சுரக்கும். ஊற்றுக்கண்ணை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கீழிருந்து வரும் நீர், மணலை அப்படியே தூக்கிப் பிடித்திருக்கும். மணல் உலை அரிசிபோலக் கொதிக்கும். விரலை வைத்தால் சேற்றில் போவதுபோல உள்ளே இறங்கிவிடும்.

வெள்ளக் காலத்தில் இதே காட்சி கரைக்கு வெளியே, வயல் பக்கம் தெரிந்தால் ஊரே பதறும். கரைக்கு அடியில் நீர் வழி தேடுகிறது என்று பொருள். உடனே மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நீர்மட்டத்தை உயர்த்தி, அந்தக் கொதிப்பை அடக்குவார்கள்.

கரையை உடைக்கும் இந்தச் சக்தியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் பிடித்துக் கட்டினால், அது கொதிகலனாகும்; நெல் உலர்த்தும் இயந்திரமாகவும் ஆகும். வேதிப் பொறியியலில் இதற்குப் ‘பாய்மப் படுகை’ என்று பெயர். அரிசி ஆலைக்காரர்கள் ‘எஃப்.பி.சி பாய்லர்’ என்பார்கள்.

கண்ணாடிக் குழாயில் ஒரு பாடம்

வேதிப் பொறியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் தவறாமல் செய்யும் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. இதற்கான மாதிரியை அமைப்பதும் பெரிய வித்தை இல்லை. 10 செ.மீ. விட்டமுள்ள, உள்ளே தெரியும் அக்ரிலிக் குழாய், அடியில் சிறு துளைகள் இட்ட தகடு, அதன்மேல் மணல் கொட்டாதபடி நெருக்கமான வலை, காற்று ஊதும் புளோயர், அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு, காற்றின் அழுத்தத்தைக் காட்ட வண்ண நீர் ஊற்றிய ‘ப’ வடிவக் குழாய். இவ்வளவுதான் சாமான்.

குழாயில் 20 செ.மீ. உயரத்துக்கு, 0.3 மி.மீ. பருமனுள்ள சலித்த மணலைப் போட வேண்டும். காற்றை மெதுவாகத் திறந்தால் முதலில் ஒன்றும் நடக்காது. மணல் இடுக்குகளில் காற்று கசிந்து போகும். நீர்மட்ட வித்தியாசம் மட்டும் ஏறிக்கொண்டே வரும். காற்றின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 8 செ.மீ. ஆகும்போது, மணல் சட்டென்று இளகும். அந்த நேரத்தில் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 30 செ.மீ. இருக்கும்.

அந்த 30 செ.மீ. எங்கிருந்து வந்தது? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 செ.மீ. உயரத்துக்கு மணல் கொட்டினால் அதன் எடை சுமார் 300 கிலோ. அதே பரப்பில் 30 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடையும் 300 கிலோதான். அதாவது, மணலின் முழு எடையையும் காற்று சுமக்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு காற்றை இன்னும் கூட்டினாலும் அழுத்தம் ஏறாது. குமிழிகள்தான் பெருகும்.

மாணவர்கள் இங்கேதான் இரண்டு பாடங்கள் கற்கிறார்கள். ஒன்று, மணலைச் சலிக்காமல் போட்டால் வேலை கெடும். மணியின் பருமன் 0.6 மி.மீ. ஆனால், காற்று மூன்று மடங்குக்கு மேல் தேவைப்படும். இரண்டு, அடித்தகட்டின் துளைகள் பெரிதாக இருந்தால் காற்று ஒரே பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும். மற்ற இடத்தில் மணல் செத்துக் கிடக்கும். படுகை தரும் தடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது தகடும் தடை தர வேண்டும். கடைமடை வரை தண்ணீர் சமமாகப் போக மதகைச் சுருக்கி வைப்பதைப் போன்ற கணக்கு இது.

உமிக்கு ஏன் மணல் வேண்டும்?

1,000 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரிக்குக் குறையாத வெப்பம் இருக்கிறது. விறகோடு போட்டி போடக்கூடிய எரிபொருள்தான். ஆனால், உமியைக் குவித்து எரித்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. காரணம், உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்கா கூடுபோல நின்று, உள்ளிருக்கும் கரியைக் காற்றிடமிருந்து மறைத்துவிடும். ஆலையைச் சுற்றியுள்ள வீட்டு மாடிகளிலும் கிணற்றிலும் வந்து விழும் கருந்தூள், இப்படிப் பாதி வெந்த உமிதான்.

உமியை மட்டும் காற்றில் மிதக்கவிடவும் முடியாது. லேசாகவும் நீளமாகவும் இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் மணல் தேவைப்படுகிறது. தள்ளுவண்டியில் கடலை வறுப்பவர் சூடான மணலில் கடலையைப் புரட்டுவதுபோல, கொதிக்கும் மணலுக்குள் உமியைத் தூவுகிறார்கள். முதலில் விறகு அல்லது கரியால் மணலைச் சூடேற்ற வேண்டும். பிறகு உமி எரியும் வெப்பமே 700 முதல் 800 டிகிரி வரை மணலைத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வோர் உமியையும் சுற்றிச் சூடும் காற்றும் சமமாகக் கிடைப்பதால், கரி பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். ஆனால் சாம்பல் புகையோடு பறக்கும். அதைப் பிடிக்கச் சுழல் கலனும் பை வடிகட்டியும் இல்லாவிட்டால், பாய்லர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊருக்கு நிம்மதி இல்லை.

இந்த நுட்பத்தோடு திருச்சிக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. திருவெறும்பூரில் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய ‘பெல்’ ஆலை, பாய்மப் படுகைக் கொதிகலன்களையும் உருவாக்கியது. சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரியை இதே முறையில் எரிவாயுவாக மாற்றி, 6.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையத்தையும் அங்கே நடத்தியது. 1920-களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் நிலக்கரித் தூளைக் காற்றில் கொதிக்கவிட்டு எரிவாயு எடுத்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம்.

17 சதவிகிதம் என்ற வேலி

டெல்டா விவசாயிக்கு இதைவிட அவசரமான பயன் இன்னொன்று இருக்கிறது. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், நெல்லின் ஈரம் 25 சதவிகிதத்தையும் தாண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். மத்தியக் குழு வந்து பார்த்து வரம்பைத் தளர்த்திய ஆண்டுகளும் உண்டு. ஆனால் உத்தரவு வருவதற்குள், சாலையோரம் தார்ப்பாய்க்குள் கிடக்கும் நெல் முளைத்துவிடுகிறது.

25 சதவிகித ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 17 சதவிகிதத்துக்குக் கொண்டுவர, சுமார் 96 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். மணலுக்குப் பதிலாக நெல்லையே படுகையாக வைத்து, விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் சூடான காற்றைக் கீழிருந்து செலுத்தினால், நெல் மணிகள் மிதந்து புரளும். தாய்லாந்தில் கிங் மோங்குட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் இதை உருவாக்கி, அரிசி ஆலைகளுக்குக் கொண்டுசென்றார்கள். 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஈர நெல் சில நிமிடங்களே நிற்கிறது. ஈரம் 18, 19 சதவிகிதத்துக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் குவித்து வைத்தால் மணியின் உள்ளீரம் வெளியே பரவும். மீதியைச் சாதாரணக் காற்றில் ஆற்றலாம். பேராசைப்பட்டு ஒரே மூச்சில் உலர்த்தினால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும்.

எரிபொருளுக்கு வெளியே போக வேண்டியதில்லை. வீணாகும் சூட்டையும் சேர்த்து ஒரு கிலோ நீருக்கு 1,200 கிலோகலோரி என்றும், உமியின் வெப்பத்தில் 60 சதவிகிதம் பயன்படும் என்றும் வைத்தால், 96 கிலோ நீருக்கு 64 கிலோ உமி போதும். அந்த நெல் தரும் உமியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நெல்லை மிதக்கவைக்கும் புளோயருக்கு மின்சாரம் அதிகம் தேவை. ஆண்டில் சில வாரங்களே ஓடும் இயந்திரத்தை இரண்டு ஏக்கர்காரர் தனியாக வாங்குவது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, பல ஊர்களுக்குப் பொதுவான ஆலையோ வைத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கினால்தான் கணக்கு நிற்கும்.

வழக்கமாக எழும் கேள்விகள்

விதை நெல்லை இதில் உலர்த்தலாமா?

கூடாது. அந்தச் சூட்டில் முளைப்புத்திறன் போய்விடும். விதை நெல்லுக்கு நிழலும், 43 டிகிரியைத் தாண்டாத காற்றும்தான் சரி.

உமிக்குப் பதில் வைக்கோலைப் போடலாமா?

வைக்கோலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அதிகம். அது மணலோடு சேர்ந்து உருகிக் கட்டிபிடிக்கும். படுகை உறைந்து பாய்லர் நின்றுவிடும். வைக்கோல் மாட்டுக்கும் மண்ணுக்கும் போவதே நல்லது.

ஆலைச் சாம்பலை வயலில் போடலாமா?

போடலாம், சிலிக்கா சேரும். ஆனால் தழைச்சத்துக்கு அது மாற்று இல்லை. நனைத்த பிறகே அள்ளுங்கள்; மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மிகுந்த சூட்டில் எரிந்த சாம்பலின் நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதி.

அடுத்த முறை கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளை, ‘குழாய்க்குள் மணலைக் கொதிக்கவைத்தோம்’ என்று சொன்னால், விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். ‘நம்ம களத்து நெல்லுக்கு அது எத்தனை குதிரைத்திறன் கேட்கும்?’ என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைதான், மழைக்கு முந்தி நெல்லைக் காப்பாற்றும் இயந்திரத்தைச் செய்யப்போகிறது.