மூப்பறியாச் சில்லுகள்: பழைய பாகங்களிலிருந்து ஒரு வீட்டுக் கணினி

அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளின் பாகங்களைக் கொண்டு வீட்டுக்கு ஒரு கணினியை அமைத்துக்கொள்ள விரும்புபவர், விலையை விசாரிக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டிய உண்மை, ஒரு கணினியின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பதாகும். கணக்குகளைச் செய்யும் பிராசஸரும், நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக ஏந்தி நிற்கும் ராம் என்னும் நினைவகமும், அசையும் உறுப்போ உலரும் திரவமோ இல்லாத சிலிக்கன் சில்லுகள். மின்னழுத்தமும் வெப்பமும் அளவுக்குள் இருந்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அவை முதல் நாளில் செய்த வேலையை அதே வேகத்தில் செய்யும். சுழலும் விசிறி, சுழலும் ஹார்ட் டிஸ்க், மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்., பிராசஸரின் வெப்பத்தை உலோக விசிறித் தொகுதிக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல; அவை தேய்கின்றன அல்லது உலர்கின்றன. ஆகவே சில்லுகளைப் பழையனவாகவும், தேயும் பாகங்களைப் புதியனவாகவும் வாங்குவதே மெய்யான சிக்கனம். ஆனால் சந்தையில் பெரும்பாலோர் பிராசஸருக்கு வரவுக்கு மீறிச் செலவழித்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த பாகங்கள் ஒரே பெட்டிக்குள் இணங்கி வேலை செய்வது தானாக நேர்ந்த ஒன்றன்று. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, விரைவில் சந்தைக்கு வரவேண்டும் என்பதற்காகத் தன் வழக்கத்தை விட்டு, இன்டெலின் 8088 பிராசஸர் முதலிய வெளிச்சந்தைப் பாகங்களைக் கொண்டே அதை அமைத்தது. கூடுதல் அட்டைகளைப் பிறரும் செய்வதற்கு உதவியாக மின்சுற்று வரைபடங்களையும், கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் என்ற மென்பொருளின் வரிகளையும் கையேடாகவே வெளியிட்டது. பயாஸின் பதிப்புரிமை மட்டும் போட்டியாளர்களுக்குத் தடையாக நின்றது. அதே வேலையைச் செய்யும் வேறொரு பயாஸைத் தானே எழுதிக்கொண்டு காம்பாக் நிறுவனம் அத்தடையைக் கடந்தது. 1984-ல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை எந்த உற்பத்தியாளரும் வாங்கத்தக்க சரக்காக்கியது. பின்னர் 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறை, பாகங்களை எல்லாம் இணைக்கும் மதர்போர்டில் திருகு துளைகள் எங்கே இருக்க வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். எந்த அளவில் இருக்க வேண்டும் என்பன வரை நிர்ணயித்தது. அக்காலத்துக் கேபினட் ஒன்றில் இன்றைய ஏ.டி.எக்ஸ். மதர்போர்டைப் பொருத்த முடிவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம், சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவும் அதைச் சூழ்ந்த சந்துகளுமாகும். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடும் கணினிகள் இத்தகைய சந்தைகளுக்கு வந்து பிரிக்கப்படுகின்றன. மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் சேர்த்து ‘காம்போ’ என்ற பெயரில் விற்பதுண்டு. முதன்முறையாகக் கணினி அமைப்பவருக்கு இதுவே ஏற்றது, ஏனெனில் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற மிகக் கடினமான கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று சொல்லப்படுவது, பாகம் இயங்குவதைக் கடையில் காட்டித் தருவதோடு முடிந்துவிடும் உறுதிமொழி. ஆகையால் அங்கேயே திரையை இணைத்து, பயாஸ் பக்கத்தில் பிராசஸரின் பெயரும் ராமின் அளவும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது.

பாகங்களைத் தனித்தனியே வாங்குபவர் தலைமுறைக் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். 2013-ல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர்கள் எல்.ஜி.ஏ. 1150 என்ற பொருத்துகுழியில் அமர்ந்து டி.டி.ஆர்.3 வகை ராமை ஏற்கும். 2015-ல் வந்த ஆறாம் தலைமுறை எல்.ஜி.ஏ. 1151-க்கு மாறியதோடு பெரும்பாலும் டி.டி.ஆர்.4-ஐக் கேட்கும். இவ்விரு ராம் வகைகளின் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக இயலாது. பிராசஸரில் அத்தகைய வெளிப்படையான தடை இல்லாதபோதுதான் ஏமாற்றம் நேர்கிறது: எட்டாம் தலைமுறையும் எல்.ஜி.ஏ. 1151 குழியிலேயே உட்காரும், ஆனால் மின்தொடர்புகளின் ஒதுக்கீடும் துணைச்சில்லும் மாறிவிட்டபடியால் ஆறாம் தலைமுறைக்கான போர்டில் அது உயிர்பெறாது. ஏ.எம்.டி. நிறுவனம் இதில் வாங்குபவர்பால் பரிவோடு நடந்துகொண்டது எனலாம். 2017-ல் ரைசன் பிராசஸர்களுக்காக வந்த ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டால், 2020-ல் வெளியான 5000 வரிசைப் பிராசஸர்களும் இயங்குகின்றன.

பொது அளவுமுறையும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. டெல், ஹெச்.பி., லெனோவா ஆகியவற்றின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் மின் இணைப்பியும் முன்பக்கப் பொத்தானின் கம்பிகளும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அவற்றின் போர்டைத் தனியே வாங்கினால் வழக்கமான 24 முனை இணைப்பி பொருந்தாமல், மாற்று இணைப்பி தேடி அலைய நேரும். அத்தகைய கணினி கிடைத்தால் பிரிக்காமல் முழுமையாக வாங்கி, உள்ளே தேய்ந்தவற்றை மட்டும் மாற்றுவது எளிது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது பழுதானால் தான் மட்டும் கெடாமல் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது இதன் பணி. உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கி அலைவைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர்களில் திரவம் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. மே மாதத்துத் தமிழ்நாட்டு அறை ஒன்றில், தூசு அடைத்த விசிறியோடு ஓடும் பழைய எஸ்.எம்.பி.எஸ். எத்தனை நாள் தாங்கும் என்பதை இக்கணக்கிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும்போதும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பிவிடலாகாது. பிராசஸர் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் வழியையே சார்ந்திருப்பதால், பக்கவாட்டுத் தாளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 450 வாட் என்று எழுதிய ஒன்றில் அவ்விடத்தில் 16 ஆம்பியர் மட்டுமே இருந்தால், பயன்படக்கூடிய ஆற்றல் 192 வாட்தான். 80 ப்ளஸ் முத்திரை பெற்ற கருவி, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை வீணாக்காமல் தருவதாகச் சோதிக்கப்பட்டது. அதோடு, சுவர்ச் சாக்கெட்டில் எர்த் இணைப்பு முறையாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது இன்றியமையாதது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று உணரப்படும் வீடுகளில் பெரும்பாலும் குறை இங்கேதான்.

சேமிப்பகத்தையும் புதிதாகவே வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் காந்தத் தட்டு சுழல, அதன் மேல் நகரும் முனை தகவலைத் தேடி எடுக்க ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகிறது. அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. அதை 0.1 மில்லிவினாடி அளவில் முடிக்கிறது. பழைய கணினி மெதுவாக இயங்குவதற்குப் பிராசஸரைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2015-ஆம் ஆண்டுப் பிராசஸர் ஒன்றோடு 8 ஜி.பி. ராமும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் சேர்ந்தால், பள்ளிப் பாடம், ஆவணங்கள், காணொளி, இணையம் ஆகிய எதற்கும் குறைவிராது. படங்களைச் சேர்த்துவைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துணையாக வாங்குபவர், டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவுசெய்துகொள்ளும் ஸ்மார்ட் என்ற குறிப்பேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அதில் ஓடிய மணிநேரம் 35,000 என்றிருந்தால், கண்காணிப்புக் கேமராவின் பதிவுக்கருவி போன்ற ஒன்றில் நான்கு ஆண்டுகள் இரவுபகலாகச் சுழன்றதற்கு அது சமம். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை சுழியாக இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

தனி கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்குமே தேவை. மற்றவர்களுக்குப் பிராசஸரிலேயே அமைந்த கிராபிக்ஸ் போதும், ஆனால் ரைசன் பிராசஸர்களில் பலவற்றுக்கு அது கிடையாது என்பதை வாங்கும்போதே நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பூட்டுவதற்கு முன், வெளியே ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மதர்போர்டை வைத்து, பிராசஸர், விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., திரை ஆகியவற்றை மட்டும் இணைத்து உயிர்ப்பித்துப் பார்ப்பது அனுபவமுள்ளவர்களின் முறை. உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைச் சிதைக்கக்கூடும் என்பதால், வண்ணம் பூசாத, எர்த் உள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். இன்டெல் போர்டுகளில் குழிக்குள் இருக்கும் நுண்முனைகள் தலைமுடியைப்போல் மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் போர்டு பயனற்றுப் போகலாம் என்பதால், வாங்கும்போதே குழியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவசியம். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தெடுத்துப் புதிதாக இட வேண்டும். டிஸ்பிளே வரவில்லை என்றால் அஞ்சத் தேவையில்லை. மிகப் பல நேரங்களில் ராமின் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மீண்டும் அழுத்திச் செருகினாலே போதும். தேதி ஒவ்வொரு முறையும் பழையபடி மாறிவிடுமானால், போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. கணினி எழுந்தபின், மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டு நினைவகத்தைச் சோதிப்பது நல்லது. பிழை ஒன்றே ஒன்று தென்பட்டாலும் அந்த ராமை மாற்றிவிட வேண்டும், இல்லையேல் சேமித்த கோப்புகள் சத்தமின்றிச் சிதையும்.

எஞ்சுவது இயங்குதளம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் கழிப்பதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். உலகம் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதாக ஐ.நா. சார்ந்த அறிக்கை கணக்கிட்டிருக்கும்போது, குறையேதும் இல்லாத இயந்திரங்களை ஒரு மென்பொருள் நிபந்தனைக்காகக் குப்பையில் சேர்ப்பது பெருந்தவறு. டெபியன், லினக்ஸ் மிண்ட் போன்ற கட்டணமற்ற இயங்குதளங்களும், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வியந்திரங்களில் தங்குதடையின்றி ஓடுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கின்றன, தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தபடி டேலியில் கணக்கெழுதுவது போல, விண்டோஸை விட்டு அகலாத மென்பொருள் ஒன்று அன்றாடம் தேவைப்படுபவர்கள் மட்டும், தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதல் விலை கொடுத்து எட்டாம் தலைமுறைக் காம்போவையே கேட்டு வாங்க வேண்டும்.